கில்கென்னியின் கமோகிக் கோப்பை: வாசகர் கேள்விகள், எங்கள் பதில்கள்

அயர்லாந்தில் பெண்கள் ஆடும் கமோகி பற்றிப் போன இதழில் போகிறபோக்கில் நாலு வரி எழுதினோம். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை மற்ற கேள்விகளுக்கு ஓய்வு.

கேள்வி: கமோகி என்பது ஹாக்கி மாதிரியா? செய்தியைத் தேடிப் படித்தால் கிளப், கவுண்டி, மாகாணம் என்று மாறி மாறி வருகிறது. யார் யாரோடு ஆடுகிறார்கள் என்றே பிடிபடவில்லை. (கோவை வாசகி)

பதில்: ஹாக்கி என்று மட்டும் அங்கே யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ஹாக்கி ஆடுகிற பெண் கமோகி ஆடக் கூடாது என்று ஒரு காலத்தில் தடை போட்டு, அந்தத் தடையை வைத்தே கமோகிச் சங்கம் இரண்டுபடும் அளவுக்குச் சண்டை போட்டவர்கள் அவர்கள். ஆண்கள் ஆடும் ஹர்லிங்கின் பெண்கள் வடிவம்தான் கமோகி. ஆஷ் மரத்தில் செதுக்கிய, நுனி அகன்ற மட்டைக்கு ஹர்லி என்று பெயர். உள்ளே கார்க், மேலே தோல் தைத்த பந்துக்கு ஸ்லிட்டர் என்று பெயர், ஆண்களுடையதைவிடக் கொஞ்சம் சின்னது. தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது, மட்டையால் நெம்பித்தான் எடுக்கணும். எடுத்த பிறகும் கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் போக முடியாது, அதனால் மட்டை நுனியில் பந்தை நிற்கவைத்தபடியே ஓடுவார்கள், எதிராளியின் மட்டை குறுக்கே வந்துகொண்டே இருக்கும், அந்த ஓட்டத்திலேயே பந்தைத் தூக்கிப்போட்டு ஒரே வீச்சில் அடிப்பார்கள். இரண்டு கம்பங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டத்துக்கு மேலே போனால் 1 புள்ளி. கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. ஸ்கோரை 1-10 என்று போட்டிருந்தால் ஒரு கோலும் பத்துப் புள்ளியும், ஆக 13. இது தெரியாமல் படித்தால், 1-10 எடுத்தவர்களை 0-14 எடுத்தவர்கள் எப்படி ஜெயித்தார்கள் என்று முழிக்க வேண்டியதுதான்.

இப்போது கிளப், கவுண்டி விஷயம். கவுண்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி. கிளப் என்றால் பெரும்பாலும் ஒரு கத்தோலிக்கப் பங்கு, அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி, அல்லது பக்கத்துப் பக்கத்து இரண்டு பங்குகள். ஒரு கவுண்டியில் உள்ள கிளப்புகள் எல்லாம் தங்களுக்குள் மோதுவதுதான் கவுண்டி கிளப் சாம்பியன்ஷிப். அதில் ஜெயிக்கும் கிளப் மாகாணத்துக்குப் போகும், மாகாணத்தில் ஜெயித்தால் அகில அயர்லாந்து கிளப் கோப்பை. இது ஒரு பாதை. இன்னொரு பாதையில், அதே கவுண்டியின் எல்லாக் கிளப்புகளிலிருந்தும் நல்ல ஆட்டக்காரிகளைப் பொறுக்கி ஒரு கவுண்டி அணி கட்டி, அது மற்ற கவுண்டிகளோடு ஓ'டஃபி கோப்பைக்கு, அதாவது கவுண்டிகளுக்கான அகில அயர்லாந்துக் கோப்பைக்கு மோதும். அதாவது கோடையில் ஒரே சட்டை போட்டு, ஒருத்திக்கு ஒருத்தி பந்து கொடுத்து ஆடிய இரண்டு பேர், இலையுதிர்காலத்தில் ஆளுக்கொரு கிளப் சட்டையில் எதிரெதிரே நிற்பார்கள். எனக்குக் கேட்டால் இந்தப் பகுதிதான் சுவாரசியம், ஓ'டஃபி கோப்பையைவிட.

கேள்வி: இது எவ்வளவு பழைய போட்டி? (திருச்சி வாசகர்)

பதில்: விளையாட்டு 1904ல் பிறந்தது. டப்ளினில் ஐரிஷ் மொழி இயக்கத்தில் இருந்த பெண்கள் சிலர் விதி எழுதி, அந்த ஆண்டு ஜூலை 17ஆம் தேதி நேவன் என்ற ஊரில் முதல் பொது ஆட்டத்தை நடத்தினார்கள். கணுக்கால் தொடும் பாவாடைதான் உடை. பாவாடையை விரித்து வேண்டுமென்றே பந்தைத் தடுத்தால் ஃபவுல் என்று ஆரம்ப விதிகளிலேயே எழுத வேண்டியிருந்தது, அப்படியென்றால் யாரோ அதைச் செய்துபார்த்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்! சங்கம் இடையிடையே படுத்து எழுந்து, 1932ல்தான் கவுண்டிகளுக்கு இடையிலான அகில அயர்லாந்துப் போட்டி வந்தது. முதல் கோப்பை டப்ளினுக்கு, தோற்றது கால்வே.

அப்புறம் டப்ளின் கையில் இருந்து கோப்பையைப் பிடுங்கவே முடியவில்லை. 1948 முதல் 1955 வரை தொடர்ந்து எட்டு முறை, 1956ல் மட்டும் ஆன்ட்ரிம் குறுக்கே வந்தது, மறுபடி 1957 முதல் 1966 வரை தொடர்ந்து பத்து. பத்தொன்பது ஆண்டில் பதினெட்டு! நகரத்தில் பெண்கள் வேலைக்குப் போனார்கள், வேலை இடத்தைச் சுற்றிக் கிளப் இருந்தது, வேலை முடிந்து பயிற்சிக்கு வர பஸ் இருந்தது என்பதை இதற்கு ஒரு காரணமாக நான் நினைக்கிறேன். 15 அகில அயர்லாந்துப் பதக்கம் வாங்கிய கேத்லீன் மில்ஸ் ஆடியது டப்ளினின் இன்சிகோரில் இருந்த ரயில்வே கிளப்பில்தான். கிராமத்துப் பெண்ணுக்கு அந்த வசதி வர இன்னும் பல ஆண்டு ஆனது.

கிளப்புகளுக்கான அகில அயர்லாந்துக் கோப்பை 1964ல் வந்தது. முதலில் ஜெயித்தது டப்ளினின் கெல்டிக் கிளப். அதற்கு முன் கவுண்டி சாம்பியன் ஆன கிளப்புக்கு நாட்டிலேயே பெரிய கிளப் என்று சொல்லிக்கொள்ள வழி கிடையாது. 1964க்குப் பிறகு ஊர்க் கோப்பையின் மதிப்பே மாறிவிட்டது.

கேள்வி: பொதுவாகச் சொல்லாமல் ஒரே ஒரு கவுண்டியை எடுத்துக்கொண்டு முழுக் கதையும் சொல்லுங்களேன். (நாகர்கோவில் வாசகர்)

பதில்: கில்கென்னி. வேறு எதையும் எடுக்க மனசு வராது.

ஆண்கள் ஹர்லிங்கில் கில்கென்னி என்றால் தனிப் பெயர், ஆனால் பெண்கள் கவுண்டி அணிக்கு 1974 வரை ஒரு அகில அயர்லாந்துக் கோப்பைகூடக் கிடையாது. இங்கேதான் வேடிக்கை. கவுண்டி வெறுங்கையோடு இருந்தபோதே, கில்கென்னி நகரத்தின் செயின்ட் பால்ஸ் கிளப் 1968, 1969, 1970 என்று மூன்று வருடம் தொடர்ந்து அகில அயர்லாந்து கிளப் கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தது. டப்ளின் கிளப்புகளைத் தாண்டி! ஒரு கவுண்டியின் கிளப் நாட்டிலேயே முதலிடம், அந்தக் கவுண்டியோ நாட்டில் ஒன்றும் ஜெயித்ததில்லை. கிளப் போட்டியில் ஜெயித்துப் பழகிய பெண்கள்தான் கவுண்டி அணிக்கும் அந்தத் துணிச்சலைக் கொண்டுபோனார்கள் என்று படுகிறது. 1974ல் கில்கென்னி மறு ஆட்டத்தில் கோர்க்கைத் தோற்கடித்து முதல் கோப்பையை எடுத்தது, அதே ஆண்டு செயின்ட் பால்ஸும் கிளப் கோப்பையை எடுத்தது. 1976ல் மறுபடியும் இரண்டுமே.

அந்தக் காலத்தில் ஒரு அணியில் 12 பேர்தான், ஆண்களுக்கு மாதிரி 15 இல்லை. இதை மறந்துவிட்டால் கதை புரியாது. பன்னிரண்டில் ஆறு பேர் ஒரே கிளப்பிலிருந்து வந்துவிட்டால் கவுண்டி அணியில் பாதி அது. ஒரே கிளப்பில் திறமை குவிவது கவுண்டிக்கு நல்லது, கவுண்டி கிளப் சாம்பியன்ஷிப்புக்குக் கெட்டது. மற்ற கிளப்புகள் ஒவ்வொரு வருடமும் அதே சுவரில்தான் முட்டிக்கொள்ளணும்.

அந்தச் சுவரின் இரண்டு பெரிய கல், டௌனி இரட்டையர். பாலிராகெட் ஊர்க்காரர்கள், ஆஞ்சலாவும் ஆனும், 1957ல் பிறந்தவர்கள். அப்பா ஷெம் டௌனி 1947ல் கில்கென்னிக்காக ஹர்லிங் அகில அயர்லாந்து ஜெயித்தவர். இந்த இரண்டு பேருக்கும் ஆளுக்கு 12 அகில அயர்லாந்துப் பதக்கம். 1985 முதல் 1991 வரை கில்கென்னி தொடர்ந்து ஏழு வருடம் ஓ'டஃபி கோப்பையை வைத்திருந்தது; அந்த ஏழு வருடத்துக்குள்ளேயே 1987, 1988, 1989 மூன்றிலும் செயின்ட் பால்ஸ் கிளப் கோப்பையையும் எடுத்தது. செயின்ட் பால்ஸுக்கு மொத்தம் எட்டு அகில அயர்லாந்து கிளப் கோப்பை.

அப்புறம் 1994. இந்த முறை நாட்டின் கிளப் கோப்பை கில்கென்னிக்கே வந்தது, ஆனால் நகரத்துக்கு அல்ல, லிஸ்டௌனி என்ற சின்ன கிராமப் பங்குக்கு. டௌனி சகோதரிகள் அப்போது ஆடியது அங்கே. கவுண்டி அணியும் அதே ஆண்டு ஜெயித்தது, தலைவி ஆன் டௌனி.

அதோடு கவுண்டி அணிக்கு வறட்சி. 1999ல் கமோகியும் அணிக்கு 15 பேர், பெரிய மைதானம் என்று மாறியது, அந்த முதல் வருட இறுதி ஆட்டத்தில் டிப்பரரி தன் முதல் கோப்பையை எடுத்தது கில்கென்னியைத் தோற்கடித்துத்தான். மூன்று ஆள் கூடுதல் என்பது கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும். ஐம்பது அறுபது வீடு உள்ள ஊரில் களத்துக்கு மூன்று, மாற்றுக்கு இரண்டு மூன்று என்று அதே வயதில் இன்னும் ஆறு பெண்களைத் தேடிப்பிடிப்பது எவ்வளவு பாடு என்று யோசித்துப்பாருங்கள்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஃப்ரெஷ்ஃபோர்ட் எழுந்தது. கில்கென்னி நகரத்துக்கு வடமேற்கே உள்ள கிராமம், 12ஆம் நூற்றாண்டு ரோமனெஸ்க் வாசல் உள்ள பழைய தேவாலயம்தான் ஊருக்குப் பெருமை, அந்தத் தேவாலயத்துப் புனிதரின் பெயர்தான் கிளப்புக்கும்: செயின்ட் லாக்டன்ஸ். 2004, 2005, 2006, தொடர்ந்து மூன்று அகில அயர்லாந்து கிளப் கோப்பை. கவுண்டி அணி அந்த மூன்று வருடமும் வெறுங்கை. 1968 கதை அப்படியே மறுபடி நடக்கிறதோ என்று தோன்றும், ஆனால் இந்த முறை கிளப்பின் பலம் கவுண்டிக்கு ஏறவில்லை. பதினைந்து பேர் அணிக்கு ஒரு கிராமம் மட்டும் போதாது, நாலைந்து கிளப்பாவது ஒரே சமயத்தில் நன்றாக இருக்கணும். கவுண்டிக்கு அடுத்த கோப்பை வர 2016 ஆனது. 22 வருடம். அன்றைக்கு மேனேஜர் யார் தெரியுமா? அதே ஆன் டௌனி.

பிறகு 2020ல் கொரோனா காலத்து வெற்று அரங்கில் கால்வேயை ஜெயித்தார்கள், 2022ல் கோர்க்கை ஒரே ஒரு புள்ளியில். 2023 டிசம்பரில் டிக்ஸ்பரோ கிளப் அகில அயர்லாந்து கிளப் கோப்பையை எடுத்தது. டிக்ஸ்பரோ இருப்பது கில்கென்னி நகரத்தில். நகரம், கிராமம், மறுபடி நகரம்.

கேள்வி: பாவாடை போட்டுத்தான் ஆடணும் என்று 2025 வரை விதி இருந்ததாமே, நிஜமா? (சேலம் வாசகி)

பதில்: நிஜம். பாவாடை மாதிரி தெரியும், உள்ளே கால்சட்டை தைத்திருக்கும், ஸ்கார்ட் என்பார்கள். பயிற்சிக்கு எல்லோரும் ஷார்ட்ஸ்தான், ஆட்டத்துக்கு மட்டும் மாற்றணும். ஆஞ்சலா டௌனி கதை ஒன்று உண்டு, கமோகி பார்க்கிறவர்கள் வீட்டில் எல்லாம் சொல்வார்கள். 1989 இறுதி ஆட்டம், கோர்க்குக்கு எதிராக. ஆஞ்சலா கோலை நோக்கிப் பாய்கிறார், தடுக்க வந்தவர் பிடித்த பிடியில் பாவாடையே கழன்றுவிட்டது. நிற்கவில்லை. பந்தை வலைக்குள் அடித்துவிட்டுத்தான் திரும்பினார். அதற்குப் பிறகும் விதி மாற 36 வருடம்!

2024ல் சங்க மாநாட்டில் மாற்றத் தீர்மானம் தோற்றது. 2025 மே மாதம் லென்ஸ்டர் மாகாண அரையிறுதிக்கு டப்ளின், கில்கென்னி இரண்டு அணியும் ஷார்ட்ஸ் போட்டு மைதானத்துக்கு வந்தார்கள், மாற்றாவிட்டால் ஆட்டம் கிடையாது என்று நடுவர் சொல்ல, அங்கேயே மாற்றிக்கொண்டு வந்து ஆடினார்கள். விஷயம் நாடு முழுக்கப் பேச்சானது, மன்ஸ்டர் மாகாண இறுதி ஆட்டமே தள்ளிப்போனது. மே 22ஆம் தேதி சிறப்பு மாநாடு கூடியது, 98 சதவீதம் பேர் ஷார்ட்ஸுக்கு ஆதரவு. அன்று நள்ளிரவு முதல் அமல், இனி அவரவர் விருப்பம். ஒரு வருடத்துக்கு முன் தோற்ற தீர்மானம் 98 சதவீதத்தில் ஜெயிக்கிறது என்றால், நடுவில் யாருடைய மனசு மாறியது, யாருக்குப் பயம் வந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இதில் நல்ல சம்பளம் வருமா? நல்ல ஆட்டக்காரி பெரிய கிளப்புக்கு மாறிவிடலாம் அல்லவா? (சென்னை வாசகர்)

பதில்: சம்பளம் கிடையாது. கவுண்டி நட்சத்திரம் ஆனாலும் திங்கட்கிழமை காலையில் வகுப்பெடுக்கவோ ஆஸ்பத்திரி வார்டுக்கோ போயாகணும். மாறுவது விதிப்படி முடியும், ஊர்ப்படி லேசில் முடியாது. பிறந்த பங்கை விட்டுப் பக்கத்துப் பங்குக்கு ஆடப் போனவளைப் பற்றி இருபது வருடம் கழித்தும் பேசுவார்கள். கிளப்புக்குப் பணம் வருவது வாரலாட்டரி, உறுப்பினர் சந்தா, உள்ளூர்க் கடைக்காரர் சட்டையில் போடும் விளம்பரம், இப்படித்தான்.

கேள்வி: பட்டியலைப் பார்த்தால் அதே குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வாரிசு அரசியல் மாதிரி இருக்கிறதே? (மதுரை வாசகர்)

பதில்: மதுரையிலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆமாம், குடும்பம்தான். ஆனால் பதவி இல்லை, பணம் இல்லை, மழையில் நனைந்த மைதானத்தில் முட்டி பெயர்வதுதான் சொத்து. சின்ன ஊரில் 15 பேர் சேர்க்கணும் என்றால் அக்கா தங்கை எல்லோரையும் இழுத்துக்கொண்டு வராமல் முடியாது. கால்வேயில் சார்ஸ்ஃபீல்ட்ஸ் கிளப்பில் மெக்ராத் சகோதரிகள் ஒரே அணியில் ஆடினார்கள். அவர்கள் அப்பா மைக்கேல் மெக்ராத் 1987, 1988ல் கால்வே ஹர்லிங் அணியில் அகில அயர்லாந்து ஜெயித்தவர். வெக்ஸ்ஃபர்டில் மார்கரெட் ஓலியரி லேசி, 2004ல் அறிவித்த, கமோகியின் நூறாண்டுச் சிறந்த ஆட்டக்காரிகளின் நூற்றாண்டு அணியில் இடம்பிடித்தவர். மகள்கள் மேரியும் ஊனாவும் 2007ல் கவுண்டிக்குக் கோப்பை வாங்கித் தந்த அணியில் இருந்தார்கள், இறுதி ஆட்டத்தில் ஊனா இரண்டு கோல்.

குடும்பத்தையும் தாண்டி ஒரு ஊரே சேர்ந்து ஆடினால் எப்படி இருக்கும் என்பதற்கு வடக்கே டெர்ரி கவுண்டியின் ஸ்லாட்நீல். 2016ல் அந்தக் குட்டி ஊர் அல்ஸ்டர் மாகாணத்தில் ஹர்லிங், கால்பந்து, கமோகி மூன்றையும் ஒரே பருவத்தில் ஜெயித்தது. ஆனால் அகில அயர்லாந்து வரை போய்க் கோப்பையோடு திரும்பியது பெண்கள் மட்டும். 2017, 2018, 2019 என்று மூன்று மார்ச் மாதமும். முதல் இரண்டு முறையும் இறுதியில் தோற்றது யார் என்றால், மேலே சொன்ன அதே சார்ஸ்ஃபீல்ட்ஸ். அவர்கள் விடவில்லை, 2020 மார்ச்சில் டப்ளினின் குரோக் பார்க் அரங்கில் மறுபடி ஸ்லாட்நீலைச் சந்தித்து, நாலாவது கோப்பைக்குப் போனவர்களை நிறுத்தினார்கள்.

கேள்வி: டப்ளினில் மகன் வீட்டுக்கு வருகிற ஆண்டு போகிறோம். ஒரு ஆட்டம் பார்க்க எந்த மாதம் தோது? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: கவுண்டி அணிகளின் இறுதி ஆட்டம் ஆகஸ்டில் குரோக் பார்க்கில், பெரிய அரங்கம், டிக்கெட் எடுத்து வசதியாக உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் நீங்கள் கேட்பது எங்களிடம் என்பதால் சொல்கிறோம்: செப்டம்பர், அக்டோபரில் போங்கள். அப்போதுதான் கவுண்டி கிளப் சாம்பியன்ஷிப் சூடாக இருக்கும். கில்கென்னிக்கு டப்ளினிலிருந்து ரயில் உண்டு, ஒன்றரை மணி நேரம் சொச்சம். மழைக்கோட்டு கட்டாயம். கம்பிக்கு இந்தப் பக்கம் வரிசையில் நின்று பார்க்கலாம், மட்டையும் மட்டையும் மோதுகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். பக்கத்தில் நிற்பவரிடம் எந்தக் கிளப் என்று மட்டும் கேட்டுவிடுங்கள், மிச்சத்தை அவரே சொல்லுவார், ஆட்டம் முடிந்த பிறகும்கூட.